கையும் சேர்ந்து குணமாக வேண்டும்

ஐயா,

ஆறு வாரத்தைத் தாண்டிய அரிப்புக்கு நம் ஊரில் முதலில் கிடைப்பது மருந்துக்கடை அவில் என்ற அலர்ஜி மாத்திரை. அடங்காவிட்டால் ‘எல்லாம் மனசுதான்’ என்ற தீர்ப்பு. திடீர்த் தடிப்பாக எழும் காணாக்கடிக்கு உடம்பில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் காரணம் என்பதால், அதைத் தடுக்கும் அவில் வகை மாத்திரை கேட்கும். கரப்பான் என்ற தோல் அழற்சியிலும், பிடரியிலும் கணுக்காலிலும் தோல் தடித்துக் கறுக்கும் நோயிலும் அரிப்பு பெரும்பாலும் வேறு நரம்புப் பாதையில் வருகிறது. அங்கே அவில் தருவது தூக்கம்தான்.

மனசுக்குப் பங்கு உண்டு. அதற்காக அரிப்பு கற்பனையாகிவிடாது. ஜெர்மனியில் அரிப்பு பற்றிய பொது உரையொன்றில் தெள்ளுப்பூச்சிப் படங்களைக் காட்டியபோது கேட்டவர்கள் அதிகமாகச் சொறிந்தார்கள். குழந்தைப் படங்களுக்கு அது குறைந்தது.

சொறியும்போது எழும் சிறு வலி தண்டுவடத்தில் அரிப்பைச் சற்று அடக்குகிறது. அந்தச் சுகத்துக்குக் கை பழகிவிடும். சொறியச் சொறியத் தோல் தடிக்கும், தடித்த தோல் மேலும் அரிக்கும். டிவி பார்க்கையில் நமக்கே தெரியாமல் கை கணுக்காலுக்குப் போவது இப்படித்தான்.

இதற்குப் பயிற்சி இருக்கிறது, மருந்துச்சீட்டில்தான் அரிதாக ஏறுகிறது. முதல் வாரம் சொறிவதை நிறுத்த வேண்டாம், எண்ணினால் போதும். நாமஜபத்துக்கு விற்கும் விரல் கவுன்ட்டரில் ஒவ்வொரு முறையும் ஒரு அழுத்து. எந்த நேரம், எந்த இடம் என்பது அதிலேயே பிடிபடும். அடுத்த வாரம் முதல் கை எழும்போதே இரு கைகளையும் இறுக மூடி 30 எண்ண வேண்டும். அப்போதும் அரித்தால் அந்த இடத்தில் நகத்தை வைத்து அழுத்தலாம். இழுக்கவோ தேய்க்கவோ கூடாது. பக்கத்திலிருப்பவர் ‘சொறியாதே’ என்று அதட்டுவதால் பதற்றம்தான் கூடும்.

மருத்துவர் எழுதிய களிம்பும் கூடவே போக வேண்டும். பலர் சிவப்பு மறைந்ததும் விட்டுவிடுகிறார்கள். கண்ணை மூடி விரலால் தடவினால் சொரசொரப்பு இன்னும் இருக்கும்; அது போகும்வரை நோய் போகவில்லை. களிம்பை எப்படிக் குறைப்பது என்று எழுதியவரிடமே கேட்க வேண்டும். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த கடைக் களிம்பைப் பூசினால் அது உருமாறிப் பரவும்.

பயிற்சி எல்லோருக்கும் அல்ல. வீட்டில் பலருக்கும் இரவில் அரித்தால் முதலில் தொற்றிப் பரவும் சிரங்கைச் சந்தேகிக்க வேண்டும். தடிப்பே இல்லாமல் உடம்பு முழுக்க அரித்தால் கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு பரிசோதனைகளை முடித்துவிட்டுத்தான் கவுன்ட்டரைக் கையில் எடுக்க வேண்டும்.

— தோல் மருத்துவர் ஒருவர், திருச்சி