டார்ட்மண்டிலிருந்து ஆச்சிக்கு

டார்ட்மண்ட், ஜெர்மனி
தை மாதம்

அன்புள்ள ஆச்சிக்கு,

உன் பேத்தி எழுதுவது. இங்கு நலம், அங்கு எல்லாரும் நலமறிய ஆவல்.

போனில் நான் பேசுவது உனக்குச் சரியாகக் காதில் விழவில்லை, படத்தில் என் முகத்தைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுகிறாய் என்று அம்மா சொன்னாள். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். தங்கச்சி பைய, சத்தமாக வாசித்துக் காட்டுவாள். ஏட்டி, நடுவில் எதையும் விட்டுவிடாதே, ஆச்சிக்கு எல்லாம் தெரியணும்.

நான் கிளம்பும்போது, "அங்கன உனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டாய். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எல்லாரும் அவசரப்படுத்தினார்கள், நானும் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

இந்த ஊரில் வந்து இறங்கியதும் முதலில் வேண்டியது ஒரு விலாசம். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்துக்குப் போய், இன்ன தெருவில் இன்ன வீட்டில் இருக்கிறேன் என்று பதிவு செய்யணும். வெறுமனே நாம் சொன்னால் போதாது, வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். அந்தப் பதிவுச் சீட்டு கையில் இருந்தால்தான் வரி எண் வரும், விசாவை நீட்டிக்க முடியும், மற்ற வேலையெல்லாம் நடக்கும். ஆனால் வீடு கிடைப்பதுதான் பெரும்பாடு. மாணவர் விடுதியில் இடம் கேட்டு வரிசையில் காத்திருக்கணும். வெளியில் தேடினால் ஏமாற்றுக்காரர்களும் உண்டு. நான் ஊரில் இருக்கும்போதே ஒருவன், மூன்று மாத வாடகையை முன்பணமாக அனுப்பு, சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்று எழுதினான். வீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஒரு பைசா கொடுக்கக் கூடாது என்று அப்பா ஒரே பிடியாக நின்றார்கள். அது எவ்வளவு நல்லது என்று இங்கே வந்து மற்றப் பிள்ளைகளின் கதையைக் கேட்டபிறகு தெரிந்தது. நம் பக்கத்திலிருந்து யார் கிளம்பினாலும் இதை முதலில் சொல்லுங்கள்.

எனக்கு அப்போது கைகொடுத்தது ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. நம் அம்பாசமுத்திரத்து அண்ணன் ஒருவர் எனக்கு முன்னால் இங்கே படித்தார், அவர் வழியாகத்தான் பழக்கம். 1983 கலவரத்துக்குப் பிறகு ஈழத்திலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஜெர்மனிக்கு வந்தார்கள். இந்த அக்காவும் சின்னப் பிள்ளையாக அப்பா அம்மாவோடு வந்தவர்தான். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். முன்பின் தெரியாத எனக்கு ஓர் அறையை ஒழித்துக் கொடுத்து, வீட்டுக்காரரிடம் பேசி அந்தத் தாளையும் வாங்கித் தந்தார். தபால்பெட்டியில் அவர் குடும்பப் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதி ஒட்டினார். அது ஏன் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. இங்கே அடுக்குமாடியில் கதவுக்குக் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் இருக்கிற பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார், பெயர் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார். வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாம் தபாலில்தான் வரும். ஒரு துண்டுக் காகிதத்தில் என் பெயர் அங்கே ஒட்டியிருந்ததைப் பார்த்தபோதுதான், சரி, இனி இந்த ஊரில் நமக்கும் ஓர் இடம் உண்டு என்று தைரியம் வந்தது.

"பிள்ளை, சாப்பிட்டியே?" என்றுதான் அக்கா என்னோடு பேச்சைத் தொடங்குவார். முதல் வாரத்திலேயே இடியாப்பமும் சொதியும் வைத்தார். நம் வீட்டில் சொதி என்றால் மறுவீட்டு விருந்து, முருங்கைக்காய், பாசிப்பருப்பு, பக்கத்தில் இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ். அவர்கள் வைப்பது தண்ணியாக, மஞ்சளாக, தினப்படிக்கு உள்ளது. ஆனால் தேங்காய்ப்பால் வாசம் வந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நம்முடைய சொதியை நீ வைக்கிற மாதிரியே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு வைத்துக் கொடுத்தேன். அவர் அம்மா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

கோயிலும் இருக்கிறது, ஆச்சி. ரயிலில் அரை மணி நேரத்துக்குள் ஹம் என்ற ஊர். அங்கே காமாட்சி அம்பாளுக்கு ஈழத் தமிழர்கள் கட்டிய கோயில், 2002-ல் கும்பாபிஷேகம் ஆனது. கம்பெனிகள் இருக்கிற பகுதியில், அவ்வளவு குளிருக்கு நடுவில், கோபுரம் தெரிந்ததும் நான் ரோட்டிலேயே நின்று கும்பிட்டேன். வைகாசி, ஆனி வாக்கில் தேர் ஓடுமாம், ஆயிரக்கணக்கில் ஜனம் வருமாம். பக்கத்தில் ஓடுகிற கால்வாயில்தான் அம்பாளுக்குத் தீர்த்தவாரி. உன் பேரைச் சொல்லி அர்ச்சனை செய்தேன்.

இப்போது விடுதியில் இடம் கிடைத்து வந்துவிட்டேன். அறை எனக்கு மட்டும், அடுப்படி நாலு பேருக்குப் பொது. ஓர் எகிப்துப் பெண், ஒரு வியட்நாம் பெண், ஒரு ஜெர்மன் பையன், நான். பையன் என்றதும் நீ முகத்தைச் சுளிக்காதே, தங்கமான பிள்ளை. குப்பையைப் பிரித்துப் போட அவன்தான் சொல்லித் தந்தான். காகிதம் ஒரு தொட்டி, பிளாஸ்டிக், தகரம் ஒரு தொட்டி, காய்கறித் தோல் ஒரு தொட்டி, கண்ணாடியைத் தெருமுனைக்குக் கொண்டுபோகணும். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் போடவே மாட்டார்கள், கடையில் திருப்பிக் கொடுத்தால் ஒன்றுக்கு 25 சென்ட், நம் காசுக்கு இருபது ரூபாய்க்கு மேல். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்துவிடுவார்கள், அதனால் சனிக்கிழமையே அரிசி, பால் எல்லாம் வாங்கி வைத்துவிடணும்.

ஜன்னலைப் பற்றி உனக்குச் சொல்லணும். இங்கே ஜன்னல் பிடியைப் பக்கவாட்டில் திருப்பினால் கதவு மாதிரி முழுதாகத் திறக்கும், மேலே திருப்பினால் தலைப்பக்கம் மட்டும் உள்ளே சாயும். குளிர் எவ்வளவு இருந்தாலும் காலையிலும் ராத்திரியிலும் ஐந்து பத்து நிமிஷம் அகலத் திறந்து வைக்கணும். இல்லாவிட்டால் சோறு வடிக்கிற ஆவியும், நம் மூச்சும் சுவரில் ஈரமாகத் தங்கிக் கறுப்பாகப் பூசணம் பூத்துவிடும், அதற்கு வீட்டுக்காரர் நம்மிடம் காசு கேட்கலாம். வத்தல் தாளித்தால் கூரையில் இருக்கிற புகை மணி கத்தும். அதனால் நான் தாளிக்கும்போது எகிப்துப் பெண் ஓடிப்போய் ஜன்னலைத் திறப்பாள், அது இப்போது அவள் வேலையாகவே ஆகிவிட்டது. அவளுக்கு எள்ளுத் துவையல் ரொம்பப் பிடிக்கும்.

படிப்பு பற்றி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், உனக்கும் கொஞ்சம். இந்த யுனிவர்சிட்டியில் எங்களுக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு தொகை கட்டணும், அதிலேயே ஊர் முழுக்க, நாடு முழுக்கச் சாதாரண ரயிலிலும் பஸ்ஸிலும் போகிற பாஸ் வந்துவிடுகிறது. ஆனால் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று முன்கூட்டியே காட்டணும். நான் விசா வாங்கும்போது அது வருஷத்துக்கு 11,904 யூரோ. அதை வங்கியில் பூட்டி வைத்துவிடுவார்கள், மாதம் 992 யூரோ மட்டும் நம் கைக்கு வரும். அறை வாடகை, காப்பீடு, சாப்பாடு போக மிச்சம் கொஞ்சந்தான். அப்பா அந்தக் கடனுக்காக எத்தனை இடத்துக்கு அலைந்தார்கள் என்பது எனக்கு மறக்காது, ஆச்சி. வேலை பார்க்கவும் அனுமதி உண்டு, வருஷத்துக்கு 140 முழு நாள் வரை. இந்தப் பரீட்சை முடிந்ததும் தேடுவேன். அதற்கு முன்னால் வேண்டாம், முதல் செமஸ்டரில் பாடம் பிடிபடுவதுதான் முக்கியம்.

வகுப்பு பத்து மணி என்று போட்டிருந்தால் பத்தேகாலுக்குத்தான் தொடங்கும், அது இங்கே பழைய வழக்கம். பாடம் முடிந்ததும் பிள்ளைகள் கை தட்ட மாட்டார்கள். விரல் முட்டியால் மேஜையைத் தட்டுவார்கள், இருநூறு பேர் தட்டும்போது மழை இறங்குவதுபோல் இருக்கும். காலேஜுக்குள் மேலே தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு ஒரு வண்டி ஓடுகிறது. ஓட்டுவதற்கு ஆளே கிடையாது, 1984-லிருந்து ஓடுகிறதாம். நான் படிப்பதும் இந்தத் தானியங்கி வேலைதான், ஆகையால் நடந்து போகிற தூரத்துக்குக்கூட அதில் ஏறிக்கொள்கிறேன்.

மார்கழி கஷ்டமாகத்தான் இருந்தது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். காலை எட்டரைக்குத்தான் விடியும், சாயங்காலம் நாலரைக்கு முன்னாலேயே இருட்டிவிடும், நடுவிலும் வெயில் இருக்காது. நீங்கள் வெள்ளென எழுந்து கோலம் போடுகிற நேரம் இங்கே நடுச்சாமம். தங்கச்சி பூசணிப்பூ வைத்த எருவைப் படம் எடுத்து அனுப்பினாள். சிறுவீட்டுப் பொங்கலன்று அதை ஆற்றில் விடப் போகும்போது நான் கூட இல்லையே என்று அழுகை வந்தது. அன்றைக்கு அக்கா போன் செய்து, அறைக்குள் இருக்காதே, வா என்று ஒரு குளத்துக்குக் கூட்டிப் போனார்.

அந்தக் குளத்தைப் பற்றித்தான் உனக்கு எழுதணும் என்று ரொம்ப நாளாக நினைத்தேன். ஹோர்டே என்று ஊரின் ஒரு பகுதி. தாத்தா வேலை பார்த்த ஹார்வி நூல் மில்லை வைத்து நம் விக்கிரமசிங்கபுரம் வளர்ந்த மாதிரி, இந்த இடம் ஓர் இரும்பு ஆலையை வைத்து வளர்ந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஓடிய ஆலை. 2001-ல் மூடிவிட்டார்கள். சீனாக்காரர்கள் விலைக்கு வாங்கி, கழற்றிக் கப்பலில் கொண்டுபோனார்கள். ஆயிரக்கணக்கான குடும்பத்துக்குச் சோறு போட்ட இடம் வெறும் பொட்டலாகக் கிடந்தது. அதைத் தோண்டி, 2010-ல் தண்ணீர் விட்டுக் குளமாக்கினார்கள். இப்போது குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், வாத்து நீந்துகிறது.

குளத்தை ஒட்டி எம்ஷர் என்று ஓர் ஆறு ஓடுகிறது. இந்தப் பக்கம் முழுக்க நிலக்கரிச் சுரங்கம். சுரங்கத்தால் நிலம் இறங்கிக்கொண்டே இருக்கும், பூமிக்கடியில் சாக்கடைக் குழாய் போட்டால் உடைந்துவிடும். அதனால் அந்த ஆற்றையே சாக்கடையாக்கிவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அத்தனை ஊரின் கழிவும் அதில்தான் போனது. பக்கத்தில் போகாதே, விழுந்தால் அவ்வளவுதான் என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவார்களாம். சுரங்கங்கள் மூட மூட, 1992-லிருந்து முப்பது வருஷம் வேலை செய்து, 51 கிலோமீட்டருக்குப் பூமிக்கடியில் தனிக் குழாய் போட்டு, கழிவை அதற்குள் திருப்பிவிட்டார்கள். ஐந்நூறு கோடி யூரோவுக்கு மேல் செலவு. இப்போது ஆற்றில் சாக்கடை இல்லை, மீன் திரும்ப வந்திருக்கிறது. நான் கரையில் குனிந்து பார்த்தேன், அடியில் கிடக்கிற கல் தெரிந்தது.

எனக்கு நம் தாமிரபரணி நினைவுதான் வந்தது. பாபநாசம் படித்துறையில் பரிகாரம் என்று துணியை ஆற்றில் விட்டுப் போகிறார்கள், கீழே போகப் போக ஊர் ஊராகச் சாக்கடை கலக்கிறது. தோல் அரிக்கிறது என்று நீயே இப்போது ஆற்றுக்குக் குளிக்கப் போவதில்லையாமே. வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஆறு அது, ஆச்சி. செத்துப்போன ஆற்றையே இவர்களால் பிழைக்க வைக்க முடிந்தது என்றால், உயிரோடு இருக்கிற ஆற்றை நம்மால் காப்பாற்ற முடியாதா? இதை எப்படிச் செய்தார்கள், கழிவு நீரை அளக்கிற கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதெல்லாம் நான் படிக்கிற படிப்புக்கு ரொம்பத் தூரமில்லை. அடுத்த வருஷம் புராஜெக்டுக்கு இந்த வழியில் ஏதாவது கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். தங்கச்சி, நீ பள்ளிக்கூடத்தில் யாரிடமாவது இதைச் சொல். அடுத்த தடவை துணியை ஆற்றில் விடுகிறவர்களைப் பார்த்தால், கரையிலேயே வைத்துவிட்டுப் போங்கள் என்று மரியாதையாகக் கேள்.

மாசியில் பரீட்சை முடியும். மாமா அந்தப் பக்கமிருந்து யாரிடமாவது பொட்டலம் கொடுத்து அனுப்புவதாக இருந்தால் கறுப்பு உளுந்து, கருப்பட்டி, மோர்மிளகாய் போதும். அரிசி இங்கே தமிழ்க் கடையில் கிடைக்கிறது, சுமக்க வேண்டாம். அக்காவின் மகளுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கணும், பெரியவளாகியிருக்கிறாள். ஒரு ஆழாக்கு உளுந்து மாவுக்குக் கருப்பட்டி எவ்வளவு, நல்லெண்ணெயை எப்போது எப்போது ஊற்றணும் என்று நீ சொல்லச் சொல்லத் தங்கச்சியை எழுதி அனுப்பச் சொல். கைப்பக்குவம் என்று சொல்லிவிடாதே, அளவாகச் சொல்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மாமா அத்தைக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் அன்புப் பேத்தி