நகரச் செவிலியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொறுப்பாளர்களே, இரவுப் பணி முடித்து வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் சகோதரிகளே, வணக்கம்.

இந்த ஆண்டில் ஆறு கூட்டங்கள் நடந்தன. மே 12 அன்று செவிலியர் தினத்தைக் கொண்டாடினோம். பணி ஓய்வு பெற்ற இருவருக்கு வழியனுப்பு விழா நடத்தினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குத் தந்த நேரத்தை, ஆகஸ்ட் கூட்டத்தில் கிளம்பி ஆண்டு முழுவதும் நம்மை விடாத ஒரு விஷயத்துக்கே செலவிடப் போகிறேன்: வீட்டாராலேயே கொடுமைக்கு ஆளாகி நம் வார்டுக்கு வரும் குழந்தைகளும் முதியவர்களும்.

அன்று நம் உறுப்பினர் ஒருவர் எழுந்து பேசினார். இரண்டு மாதக் குழந்தை, தொடை எலும்பு முறிவு. "கட்டிலில் புரண்டு விழுந்துவிட்டது" என்றார்கள் வீட்டார். புரளத் தெரியாத வயது. "எழுதும்போதே கை தயங்கியது, ஆனாலும் அவர்கள் சொன்னதைக் காரணமாக எழுதிவிட்டேன்" என்றார். கூட்டத்தில் ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. அப்படி ஒரு கேஸ் ஷீட் நம் ஒவ்வொருவர் நினைவிலும் இருக்கிறது.

அடுத்த கூட்டத்துக்குக் குழந்தைகள் நல மருத்துவர் ஒருவரை அழைத்தோம். ஓடி விளையாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் காயம் இருப்பது இயல்பு. நான்கு வயதுக்குள் காதிலோ கழுத்திலோ வயிற்றிலோ கன்றியிருந்தால் நின்று பார்க்க வேண்டும் என்றார். வெந்நீர் தானாகக் கொட்டினால் தெறித்த புள்ளிகள் இருக்கும். காலைப் பிடித்து அமுக்கியிருந்தால் காலுறை போட்டதுபோல ஒரே கோட்டில் வெந்திருக்கும். மறுபக்கத்தையும் அவர் விடவில்லை. நம் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே இடுப்பிலும் பின்புறத்திலும் நீலத் திட்டு இருக்கும், அதைப் பார்த்துப் பெற்றவளைக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது. வயதானவர்களுக்குத் தோல் மெலிந்து, லேசாகப் பட்டாலே முன்கையில் இரத்தம் கட்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் சொல்லவே வேண்டாம்.

சட்டத்தில் நம்மில் பலர் தவறாக நினைத்திருந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 19, குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. "டாக்டரிடம் சொல்லிவிட்டேன்" என்று நாம் கை கழுவ முடியாது. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத் தலைவர் என்றால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தில் தெரிவித்தவர் மீது வழக்குப் போட முடியாது. புகார் தராமல் விட்டதாக மகாராஷ்டிர மருத்துவர் ஒருவர் மீது பதிவான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ஏற்கவில்லை. அடி, பட்டினி, சூடு போன்றவை போக்சோவில் வராது. அவற்றுக்கு விபத்துப் பதிவேட்டில் பதிவு, காவல்துறைக்குத் தகவல், எந்நேரமும் குழந்தைகள் உதவி எண் 1098.

முதியவர் விஷயத்தில் இப்படி நம்மைக் கட்டாயப்படுத்தும் பிரிவு எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, நாம் அதைப் பார்ப்பதும் இல்லை.

ஜனவரியில் பெண்கள் வார்டில் ஒரு பாட்டியைச் சேர்த்தார்கள். அடையாளம் தெரியக்கூடியவற்றை விட்டுவிட்டேன். நீர் வற்றிய உடம்பு, இடுப்பில் படுக்கைப் புண், பல வாரங்களாக வாங்காத சர்க்கரை மாத்திரை. எதைக் கேட்டாலும் மகன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில். இதையெல்லாம் நாங்கள் குறித்தோம். நாங்கள் காணாததைக் கண்டவர் துப்புரவுப் பணியாளர் அக்கா. "சிஸ்டர், பாட்டி கட்டைவிரலைப் பாருங்கள்." இடது கட்டைவிரல் ரேகைக்குள் நீல மை. குளிக்காத உடம்பில் மை மட்டும் புதிதாக இருந்தது.

மகனை மருந்துச் சீட்டோடு அனுப்பிவிட்டுக் கேட்டோம். வீட்டைச் செட்டில்மென்ட் எழுதி வாங்கியிருக்கிறார்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய சொத்தை, பார்த்துக்கொள்ளாதபோது ரத்து செய்யக் கேட்கலாம் என்றோம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தையும், 14567 உதவி எண்ணையும் சொன்னோம். பாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளை மேல் வழக்கெல்லாம் வேண்டாம் அம்மா, சோறு மட்டும் போடச் சொல்லுங்கள்" என்றார்.

குழந்தை வேண்டாம் என்றாலும் நாம் சொல்லியாக வேண்டும். தெளிந்த மனதோடு இருக்கும் எழுபத்தாறு வயதுப் பெண்மணி வேண்டாம் என்றால் மீறுவதற்கு நாம் யார்? இதில் செயற்குழுவில் இரண்டு கருத்து இருந்தது, இப்போதும் இருக்கிறது. நாங்கள் செய்தது இவ்வளவுதான்: புண்ணின் அளவு, மையின் நிறம், அவர் சொன்ன சொற்கள் மூன்றையும், "கூறப்படுகிறது" என்று பூசாமல், மேற்கோள் குறிக்குள் நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதினோம். மருத்துவ சமூகப் பணியாளரிடமும் சொன்னோம். ஒருநாள் அவர் மனம் மாறினால் அந்தத் தாள் அங்கே இருக்கும்.

கடைசியாக ஒரு விளக்கம். பொருளாளர் வாசிக்கும் கணக்கில் "பிளாஸ்டிக் நாற்காலி 2" என்று வரும். செவிலியர் சங்கத்துக்கு நாற்காலி எதற்கு என்று சென்ற வாரமே ஒருவர் கேட்டுவிட்டார். உடன் வந்தவரை வெளியே அனுப்பினால் உட்கார இடம் இல்லை என்று ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்துவிடுகிறார்கள். அவற்றை வார்டு வாசலில், கதவிலிருந்து சற்றுத் தள்ளிப் போட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்