நடுராத்திரியில் ஒருமுறை வந்து பாருங்கள்: மோட்டல் பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெடுந்தூரப் பேருந்துகள் வழியில் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிற அதிகாரிகளுக்கும் தனியார் பேருந்து உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

மோட்டல் என்ற வார்த்தையைப் பார்த்ததுமே "ஆரம்பித்துவிட்டார்கள்" என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். டீ விலை, காய்ந்த பரோட்டா, அச்சிட்ட விலைக்கு மேல் விற்கிற தண்ணீர் பாட்டில் என்று இதுவரை வந்த மனுக்களை அடுக்கவே உங்களுக்குத் தனி அலமாரி வேண்டும். அந்தக் கணக்கை நான் இப்போது எடுக்கவில்லை. டீ நன்றாக இல்லையென்றால் குடிக்காமல் வண்டியில் ஏறிவிடலாம். நான் எழுதுவது அப்படி வேண்டாம் என்று விட்டுவிட முடியாத ஒரு விஷயம்: மோட்டலில் பெண்கள் கழிப்பறை.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை படிக்க உங்களுக்கு நேரம் இருக்காது. ஒரு மோட்டலைப் பட்டியலில் சேர்க்கும் முன், உங்கள் துறையைச் சேர்ந்த ஒரு பெண் அதிகாரி, இரவு ஒரு மணிக்கு மேல், முன்கூட்டிச் சொல்லாமல் அங்கே போய்ப் பெண்கள் கழிப்பறையைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதாது. அவர் சரி என்று சொன்னால் வண்டி அங்கே நிற்கட்டும்.

இவ்வளவுதான் கேட்கிறேன். இதைக் கேட்க வைத்த சம்பவத்தையும் சொல்கிறேன்.

போன மாதம் கோவில்பட்டியில் தோழி ஒருத்தியின் கல்யாணம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அவரவர் விடுதிக்கு ஓடிப் பையை எடுத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் கிளாம்பாக்கத்தில் கூடினோம். ஒருத்தி தனியார் மருத்துவமனையில் செவிலியர், ஒருத்திக்கு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை, நான் கால் சென்டரில். பத்து மணி வண்டி. ஜன்னல் சீட்டுக்குச் சண்டை, யார் எவ்வளவு மொய் வைப்பது என்ற பஞ்சாயத்து, கல்யாணப் பெண்ணைக் கிண்டலடித்து அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் என்று திண்டிவனம் வரை பொழுது நன்றாகத்தான் போனது. அப்புறம் தூங்கிவிட்டோம்.

உளுந்தூர்பேட்டை தாண்டி, ஒன்றரை மணி வாக்கில் வண்டி ஒரு மோட்டலுக்குள் திரும்பியது. ஒரு பையன் கட்டையால் வண்டியின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே வந்தான். "டீ, காபி, டிபன் சாப்பிடுறவங்க சாப்பிடலாம், பாத்ரூம் போறவங்க போயிட்டு வரலாம், வண்டி பத்து நிமிஷம் நிக்கும்." காதைப் பிளக்கிற பாட்டு. முகப்பு முழுக்க சீரியல் விளக்கு. கழிப்பறை பின்பக்கம் இருந்தது, அங்கே போகிற பாதையில் ஒரு பல்பு கூடக் கிடையாது. நுழைகிற இடத்தில் மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலைக்கு 10 ரூபாய். அந்த மேசைக்கு மேலே மட்டும் டியூப்லைட் நன்றாக எரிந்தது.

பெண்கள் பக்கம் மூன்று கதவுகள். ஒன்றில் பூட்டுத் தொங்கியது. இன்னொன்றில் கால் வைக்க முடியவில்லை, ஏன் என்பதை விட்டுவிடுகிறேன். மிச்சமிருந்த ஒன்றில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைகள். ஓட்டையில் ஒரு துணியைச் சுருட்டிச் செருகியிருந்தது, எங்களுக்கு முன்னால் வந்த எவளோ ஒருத்தியின் ஏற்பாடு. குழாயில் காற்று வந்தது. வெளியே இருந்த டிரம்மில் மக்கால் மொண்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும். பையை மாட்ட ஒரு கொக்கி இல்லை, குப்பைத்தொட்டி இல்லை. அந்த ஒற்றைக் கதவின் முன்னால் நாலைந்து வண்டிகளில் இருந்து இறங்கிய பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

எங்களுக்கு இது பழகிவிட்டது. அதற்கென்று ஒரு முறையே வைத்திருக்கிறோம். ஒருத்தி உள்ளே போவாள். இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்தபடி மேல்சந்து வழியாகச் செல்போன் டார்ச்சைக் காட்டுவாள். மூன்றாவது ஆள் எல்லோருடைய கைப்பையையும் தோளில் மாட்டிக்கொண்டு, எங்கள் வண்டி கண்ணில் படுகிற இடத்தில் காவல் நிற்பாள். தோழிகளோடு பயணம் போவது எவ்வளவு ஜாலி என்று வீட்டில் கேட்கும்போது இந்தப் பகுதியை மட்டும் சொல்வதில்லை. ஆனால் தனியாக வருகிறவள் கதவை யார் பிடிப்பார்? அன்று வரிசையில் கைக்குழந்தையோடு ஒரு அக்கா நின்றார். கூட யாரும் இல்லை. தன் முறை வந்ததும், முன்பின் தெரியாத என் தோழியின் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டு, "வெச்சிக்கோம்மா, ரெண்டே நிமிஷம்" என்று உள்ளே போனார். நடுராத்திரியில், யாரென்றே தெரியாத ஒருத்தியிடம் பிள்ளையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நான் உள்ளே இருக்கும்போதே ஹார்ன் கேட்டது. அடுத்து, வண்டி நகர்கிற சத்தம். கைப்பைகளோடு நின்றவள் ஓடிப்போய் வண்டியின் முன்னால் கையை விரித்து நின்றிருக்காவிட்டால் நாங்கள் அங்கேயே நின்றிருப்போம். ஏறும்போது கண்டக்டர், "லேடீஸ்னாலே இப்படித்தான், சீக்கிரம் வரமாட்டீங்களாம்மா" என்றார். ஆண்கள் எல்லோரும் எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குக் காம்பவுண்டுச் சுவர் இருந்தது, அதற்கு 10 ரூபாயும் கிடையாது. கண்டக்டர்மீது எனக்குப் பெரிய கோபம் இல்லை. நேரத்துக்கு ஊர் போய்ச் சேராவிட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது அவர் இல்லை. நீங்கள்.

இதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. எங்களுக்குப் பின்சீட்டில் திருநெல்வேலி போகிற ஒரு ஆச்சி இருந்தார். இறங்கவே இல்லை. "வாங்க ஆச்சி, நாங்க கூட வரோம்" என்று கூப்பிட்டோம். "வேண்டாம் தாயி, நான் மூணு மணியோட தண்ணிய நிறுத்திட்டேம்லா" என்றார். சாதாரணமாகச் சொன்னார், பழக்கமான ஒரு காரியத்தைச் சொல்வதைப்போல. சர்க்கரை மாத்திரை போடுகிறவர். ராத்திரி மாத்திரையையும் ஒரே ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கினாராம். மத்தியானம் மூன்று மணியிலிருந்து மறுநாள் காலை வரை!

ஆச்சி மட்டுமா? ஊருக்குப் போகிற நாளில் நாங்கள் எல்லோருமே சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்துகிறவர்கள்தான். கால் சென்டரில் எட்டு மணி நேரம் பேசிவிட்டு வந்து, தொண்டை வறண்டு கிடக்க, பாட்டிலைத் திறந்து உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு மூடிவைப்போம். சாம்பார் சாதம் கூட வேண்டாம், தாகம் எடுக்கும். பேருந்தில் பயணம் செய்கிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள். அம்மாக்கள் மகள்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பயணக் குறிப்பே இதுதான்.

செவிலியர் தோழி அன்று வண்டியில் ஏறியபின் புலம்பிக்கொண்டே வந்தாள். மூத்திரப்பை சாதாரணமாகக் கொள்வது 400 முதல் 500 மில்லி வரைதான். ஆண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம், பெண்களுக்கு 4 சென்டிமீட்டர்தான். அதனால் கிருமி எளிதில் மேலே ஏறிவிடுகிறது. தண்ணீர் குடிக்காமல் அடக்கிவைத்தால் அதற்கு இன்னும் வசதி. நீர்க்கடுப்பு, காய்ச்சல் என்று திங்கட்கிழமைகளில் வருகிற இளம்பெண்களிடம் "வீக்கெண்ட் ஊருக்குப் போயிருந்தீங்களா?" என்றுதான் அவள் முதலில் கேட்பாளாம். மாதவிலக்கு நாட்களில் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். பத்து மணி நேரப் பயணத்தில் எங்கே மாற்றுவது, மாற்றியதை எங்கே போடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இப்படி ஒரு மடல் எழுதுவதில் நான் முதல் ஆளும் இல்லை. 1909இல் ஓக்கில் சந்திர சென் என்ற வங்காளி, சாஹிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பலாப்பழம் சாப்பிட்டு வயிறு உப்பியதால் அகமத்பூர் நிலையத்தில் ஒதுங்கப் போனார். கார்டு விசிலை ஊத, வண்டி கிளம்பிவிட்டது. ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி, நடைமேடையில் இருந்த ஆண் பெண் அத்தனை பேர் முன்னாலும் விழுந்தார். கீழ்வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை வந்ததற்கு அந்தக் கடிதமே காரணம் என்பார்கள். டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் அதை வைத்திருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் வண்டி கிளம்பிவிடுமோ என்ற பயத்தோடுதான் நாங்கள் உட்கார்ந்து எழுகிறோம். அவருக்குப் பாவம், கதவைப் பிடிக்கத் தோழிகள் இல்லை.

"அப்படியென்றால் ரயிலில் போக வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்பீர்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. எனக்கு லீவு உண்டா இல்லையா என்று மேனேஜர் சொல்வது முந்தின நாள் சாயங்காலம். தென்மாவட்ட ரயிலில் அந்த நேரத்துக்கு மிச்சமிருப்பது வெயிட்டிங் லிஸ்ட் மட்டும். "பகலில் போகலாமே?" பகலில் வேலைக்குப் போகிறோம். "பொம்பளைப் பிள்ளைகள் ராத்திரி எதற்கு ஊர் சுற்ற வேண்டும்?" என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது முணுமுணுத்தால், பேருந்தில் வருகிறவர்கள் ஊர் சுற்றவில்லை, சொந்த ஊருக்குப் போகிறார்கள் என்று தயவுசெய்து அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் எங்களுக்குக் கட்டணம் கிடையாது. அதில் மிச்சமாகிற காசின் அருமை, முதல் சம்பளம் வாங்குகிற பெண்ணுக்குத் தெரியும். வேலைக்குப் போகிற பெண்கள் தங்க அரசின் 'தோழி' விடுதிகள் வந்திருக்கின்றன. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்தில் அவ்வளவு பெரிய பேருந்து முனையத்தைத் திறந்தீர்கள். நகரத்துக்குள் எங்களைப் பார்த்துக்கொள்கிறீர்கள், சரி. செங்கல்பட்டு தாண்டியதும் நாங்கள் பெண்கள் என்பது மறந்துபோகிறதா? கட்டணமில்லாப் பேருந்துக்கு இளஞ்சிவப்பு பெயின்ட் அடிக்க ஆள் கிடைக்கிறார்கள், ஒரு தாழ்ப்பாள் அடிக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. எங்களுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று யார் உங்களுக்குச் சொன்னார்களோ, அவர்களிடமே எங்களுக்கு வேறு என்ன தேவை என்றும் கேட்டிருக்கலாம். 1993இலேயே கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி அரசுப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். பெண் வண்டியே ஓட்டிக் காட்டிய மாநிலத்தில், பயணியாக வருகிற பெண் இறங்கப் பயப்படுகிறாள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும்.

சட்டம் பேசுவது என் வேலை இல்லை என்றாலும் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். நீதிமன்றங்களில் கழிப்பறை வசதி பற்றிய வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, இது வெறும் வசதி பற்றிய விஷயம் இல்லை, அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தருகிற உரிமையோடு சேர்ந்தது என்றது. அது நீதிமன்ற வளாகங்களுக்கான உத்தரவு, மோட்டலுக்கு இல்லை என்று நீங்கள் வாதாடலாம். வாதாடுவதற்கு முன் உங்கள் வீட்டுப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

செலவாகும் என்று சொல்லிவிட முடியாது. நான் கேட்பதில் புதுக் கட்டடம் எதுவும் இல்லை. எந்த மோட்டலில் வண்டி நிற்கும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை வண்டிகள் உள்ளே திரும்புகின்றன என்பதை வைத்துத்தான் மோட்டல்காரருக்கு வியாபாரம். கதவில் தாழ்ப்பாள், பாதையில் விளக்கு, குழாயில் தண்ணீர், உள்ளே மூடிபோட்ட குப்பைத்தொட்டி இருந்தால்தான் வண்டி வரும் என்று நீங்கள் சொன்னால் ஒரே வாரத்தில் எல்லாம் வந்துவிடும். அவற்றை அவர் மாட்டிவைத்திருக்கிறாரா என்பது பகல் பதினொரு மணிக்கு ஜீப்பில் போய், முன்பக்கம் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்தால் தெரியாது. பகலில் எல்லா மோட்டலும் சுத்தமாகத்தான் இருக்கும்.

ஆகவே மறுபடியும், பணிவோடு: பட்டியலைப் புதுப்பிக்கும் முன் ஒவ்வொரு மோட்டலுக்கும் ஒரு பெண் அதிகாரியை இரவு ஒரு மணிக்கு மேல் அனுப்புங்கள். பத்து நிமிஷம் மட்டும் கொடுங்கள். எங்களுக்கு அவ்வளவுதான் கிடைக்கிறது. மேசையில் 10 ரூபாய் கொடுத்து, வரிசையில் நின்று, உள்ளே போய்விட்டு வரட்டும். வந்து அவர் எழுதுகிற குறிப்பை, எந்த மோட்டல் தேறியது, எது தேறவில்லை என்று பேருந்து நிலையங்களில் ஒட்டுங்கள். தனியார் பேருந்து உரிமையாளர்களும் அதே பட்டியலைப் பார்த்தே வண்டியை நிறுத்தட்டும்.

அந்த அதிகாரி தனியாகப் போகத் தயங்கினால் சொல்லி அனுப்புங்கள். எங்கள் மூன்று பேரில் யாருக்கு லீவு கிடைக்கிறதோ அவள் கதவைப் பிடிக்க வருவாள். டார்ச்சுக்கு மட்டும் அவருடைய போனில் சார்ஜ் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தென்மாவட்டப் பேருந்தில் ஊருக்குப் போய்வருகிற ஒருத்தி