சூரிச்சிலை எங்கை நீந்தலாம்?

சூரிச்
வைகாசி 18

அன்புள்ள தேவா,

கடிதம் கிடைச்சது. விசா சரிவந்தால் ஆடியிலை பெடியனையும் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு எழுதியிருக்கிறாய். கனகாலத்துக்குப் பிறகு ஒரு நல்ல சேதி. இஞ்சை வாற மற்ற ஆக்கள் பனிமலையும் மணிக்கூட்டுக் கடையும் கேப்பினம். நீ "உங்கை எங்கை நீந்தலாம்?" எண்டு கேக்கிறாய். வல்வெட்டித்துறையான் வேறை என்னத்தைக் கேப்பான்!

நீந்திறதுக்கு நகரத்தை விட்டு வெளிக்கிடவே தேவையில்லை மச்சான். சூரிச் ஏரியிலை இருந்து லிமாத் ஆறு வெளிக்கிட்டு ஊருக்கு நடுவாலை ஓடுது. பெரிய ஸ்ரேசனிலை இறங்கி ஆத்தங்கரையாலை கொஞ்சத்தூரம் நடந்தால் ஓபரர் லெற்றன் எண்ட குளிப்பிடம். பின்னேரம் அஞ்சு மணிக்குப் பிறகு போய்ப் பார். கந்தோரால வாற ஆக்கள் சப்பாத்துக்குள்ளை காலுறையைத் திணிச்சு வைச்சிட்டுப் பாலத்திலை இருந்து குதிப்பினம். நுழைவுக்குக் காசில்லை. சூரிச்சிலை காசில்லாமல் கிடைக்கிறது கனக்க இல்லை, அதாலைதான் சொல்லுறன். ஏரியின்ரை மேல்தண்ணி வாறபடியால் நல்ல கோடையிலை 22, 23 பாகைக்கு நிக்கும். கையைக் காலை அடிக்கத் தேவையில்லை, சும்மா கிடந்தாலே ஆறு கொண்டுபோகும். கரை நெடுக இரும்பு ஏணி. கொஞ்சம் கீழை உன்ரரர் லெற்றன், 1909இலை கட்டின குளிப்பிடம். பெடியனுக்கு அதுதான் திறம், ஆள் இழுபட்டுப் போகாமல் தடுப்புக் கம்பி போட்டிருக்கினம்.

இதே லெற்றனை நான் வந்த புதிசிலை நீ பாத்திருக்கோணும். 1992இலை பிளாற்ஸ்பிற்ஸ் பூங்காவைப் பூட்ட, அங்கை போதைமருந்து ஏத்தினதுகள் எல்லாம் கைவிட்டுக் கிடந்த லெற்றன் ஸ்ரேசனுக்கு வந்திட்டுதுகள். இருட்டினால் அந்தப் பக்கம் போகாதை எண்டு எங்கடை ஆக்கள் புத்தி சொல்லுவினம். 1995இலை பொலிஸ் அதையும் பூட்டினது. இப்ப அதே தண்டவாளக் கரையிலை பிள்ளையள் ஐஸ்கிறீம் குடிக்குதுகள்.

தண்ணியின்ரை கதையும் அப்பிடித்தான். சுவிஸ் எண்டால் பிறந்தநாள் தொட்டுச் சுத்தம் எண்டு நினைச்சிடாதை. 1965இலை நூறு பேரிலை 14 பேரின்ரை வீட்டுக் கழிவுதான் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனது. மிச்சம் முழுக்க ஆத்துக்கும் ஏரிக்கும். அந்த நாளிலை கன இடத்திலை குளிக்கத் தடை. 1971இலை சட்டம் இறுக்கி, ஊருக்கு ஊர் நிலையம் கட்டி, இப்ப நூற்றுக்கு 97க்கு மேலை வந்திட்டுது. சூரிச்சின்ரை குடிதண்ணியிலை பெரும்பங்கு, நாங்கள் நீந்திற அதே ஏரியிலை இருந்துதான் எடுக்கிறாங்கள். சுன்னாகத்துக் கிணறுகளிலை எண்ணெய் மிதந்த நேரம் நீ எழுதின கடிதம் இன்னும் என்னட்டை இருக்கு. இயற்கை குடுத்த வரம் எண்டு இஞ்சை ஆரும் சொன்னால் எனக்கு உடனை கோவம் வரும். குழாய் தாட்டு, வரி கட்டி வந்த சுத்தம் இது.

வெளியிலை போக ஆசையெண்டால் காற்சன்சே ஏரிக்குப் போவம். நகர எல்லையிலை, சுத்திவர இயற்கை ஒதுக்கிடம். முந்தி முற்றா நிலக்கரி வெட்டின சதுப்பு, அதாலை தண்ணி தேத்தண்ணி நிறம். ஆழம் குறைவு, கெதியாச் சூடாகும். ஆனால் கரையேறின உடனை துவாயாலை நல்லா உரஞ்சித் துடை. ஆழமில்லாத ஏரியளிலை கடுங்கோடையிலை தாரா, நத்தையிலை இருந்து வாற கண்ணுக்குத் தெரியாத புழு தோலிலை ஏறி, கொஞ்ச நாளைக்குச் சொறிய வைக்கும். ஆபத்தில்லை, கரைச்சல்தான்.

எனக்குப் பிடிச்சது எண்டால் பேர்ன் நகரத்திலை ஓடுற "ஆறே" எண்ட பேருள்ள ஆறு. ரெயினிலை ஒரு மணித்தியாலம். ஐக்கோல்ஸ் எண்ட இடத்திலை தண்ணிக்குள்ளை இறங்கி, கீழை மார்சிலி குளிப்பிடத்திலை கரையேறுறது. உடுப்பை மீன் மாதிரித் தைச்ச ஒரு பைக்குள்ளை போட்டு, வாயை ஆறேழு தரம் சுருட்டிக் கொளுவினால் தண்ணி போகாது, கட்டிப்பிடிச்சு மிதக்கலாம். பச்சைத் தண்ணிக்குள்ளை தலையைத் தாட்டால், அடியிலை கூழாங்கல்லு உருளுற கிலுகிலுச் சத்தம் கேக்கும். ஆனால் ஆறே ஓடுறது ஓட்டம். கரையிலை சிவப்புக் கம்பியள் இருக்கு, உனக்குரியதை முன்னமே பாத்துவைச்சு எட்டிப் பிடிக்கோணும். விட்டால் கீழை அணை. அணைக்குக் கீழை தண்ணி திருப்பிச் சுழட்டும், எந்த நீச்சல்காரனும் அதுக்குள்ளை ஒண்டும் செய்யேலாது.

இதை உனக்கு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கு. யாழ்ப்பாணத்திலை வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை. நாங்கள் கிணத்திலையும் கீரிமலைக் கேணியிலையும் கடலிலையும் பழகின ஆக்கள், ஓட்டத்துக்கு எதிரா நீந்தித்தான் பாப்பம். ஆத்திலை சாய்வாய்க் கரைக்கு வாறதுதான் வழி. குளிரும் அப்பிடி. 1971இலை பாக்கு நீரிணையைப் போய்வர நீந்தின உங்கடை ஊர் குமார் ஆனந்தனே 1984இலை ஆங்கிலக் கால்வாயை நீந்தேக்கை செத்துப்போனவர். வெய்யிலிலை கிடந்திட்டு அப்பிடியே பாயக்கூடாது, முதல் நெஞ்சை நனைச்சுக்கொள்.

பெடியனை இப்பவே பழக்கு. இஞ்சை பள்ளிக்கூடத்திலை ஒரு சோதினை வைக்கினம். கரையிலை இருந்து உருண்டு தண்ணிக்குள்ளை விழோணும், நிண்ட இடத்திலையே ஒரு நிமிசம் மிதக்கோணும், பிறகு 50 மீற்றர் நீந்தோணும். உங்கடை கடற்கரையிலை அதைச் செய்துபார். செய்தானெண்டால் லிமாத்துக்கு விடலாம், ஆறேக்கு அடுத்த முறை.

இஞ்சை எல்லாரும் சுகம். சின்னவள் தாதிப் படிப்பு இரண்டாம் வருசம். எனக்கு முழங்கால் நோ, படியிறங்கக் கஷ்டம், தண்ணிக்குள்ளை மட்டும் ஒண்டும் தெரியாது. அக்காவைக் கேட்டதாய்ச் சொல்லு. வரேக்கை ஒடியல் மா ஒரு கிலோ கொண்டுவா, வேறை ஒண்டும் வேண்டாம். ரிக்கற் போட்ட உடனை நாளை எழுது, நான் லீவு சொல்லிவைக்கோணும்.

அன்புடன்,
சிவா