சதுப்புக் காட்டுக்குச் சாம்பல்

அன்புள்ள செல்வத்துக்கு,

கடிதம் கிடைத்தது. தங்கை கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். காட்டுக்குக்கூட உரம் போடுவார்களா என்று கேட்டிருந்தாய். இங்கே பின்லாந்தில் போடுகிறார்கள், அதுவும் சதுப்புக் காட்டுக்கு.

இந்த நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பீட் நிலம். பாசியும் கோரையும் ஆயிரக்கணக்கான வருடம் தண்ணீரில் முழுதாக மட்காமல் படிந்த மண். அதில் பாதியளவு நிலத்தை, பெரும்பாலும் 1960, 70களில், வாய்க்கால் வெட்டி வடித்து மரம் வளர்த்தார்கள். செழிப்பான பீட்டில் தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) பஞ்சமில்லை. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும்தான் (பொட்டாசியம்) போதாது. சாம்பல்சத்தைப் பிடித்துவைக்க இதில் களித்துகள் கிடையாது. இருப்பதில் கணிசமான பங்கு மரத்துக்குள்தான் நிற்கிறது. வெட்டி ஏற்றினால் அதுவும் லாரியோடு போயிற்று. போன வாரம் ஒரு பைன் கிளையை வளைத்துப் பார்த்தேன். ஊசியிலைகளின் நுனி மட்டும் மஞ்சள், அடி பச்சை. உன் வாழையில் பழைய இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் கருகுமே, அதே பசி.

மரம் எரிக்கும் மின் நிலையச் சாம்பலைக் குருணையாக்கி ஹெக்டேருக்கு 3 முதல் 5 டன் வரை தூவுகிறார்கள். தழைச்சத்து எரியும்போதே புகையோடு போய்விடும். மற்ற சத்துகள், போரான் என்ற நுண்சத்து உட்பட, சாம்பலில் தங்கும். முஹோஸ் என்ற ஊரில் 1947இல் சாம்பல் போட்ட சோதனைத் திடல் இருக்கிறது. போடாத பகுதியில் வளர்ச்சியே இல்லாத குட்டை பைன்கள், போட்ட இடத்தில் நல்ல காடு.

மணிச்சத்து விஷயத்தில்தான் கவனம் வேண்டும். பீட்டில் இரும்பும் அலுமினியமும் குறைவு. சட்டென்று கரையும் உரம் போட்டால் மண்ணில் நிற்காது, வாய்க்கால் வழியே ஏரிக்குப் போய்த் தண்ணீரைக் கெடுக்கும். சாம்பலில் அது மெதுவாகக் கரைவதால் கசிவு குறைவு.

ஆனால் எனக்குள்ள கவலை வேறு. சாம்பல் மேல்மண்ணின் புளிப்பைக் குறைக்கிறது. நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகி, பூட்டிக் கிடந்த தழைச்சத்தை விடுவிக்கின்றன. மரத்துக்கு நல்லதுதான். அதோடு பீட்டும் வேகமாக மட்கி, பழைய கார்பன் காற்றில் கலக்கிறது. மரம் சேர்ப்பது அதிகமா, மண் இழப்பது அதிகமா என்பது இடத்துக்கு இடம் மாறும். ஏற்கெனவே வடித்த, தழைச்சத்து உள்ள நிலத்துக்குப் போடலாம். வடிக்காத சதுப்பைத் தொடவே கூடாது என்பேன்.

சரி, உன் தோட்டத்து மண்வள அட்டையைப் படமெடுத்து அனுப்பு. சாம்பல்சத்து எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்