‘ஃபுல் ஒரிஜினல்’ என்று போடுமுன்: சென்னையின் பழைய கார் டீலர்களுக்கும் புரோக்கர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே, வணக்கம்.

பழைய பென்ஸ் விளம்பரம் எதை எடுத்தாலும் ‘ஃபுல் ஒரிஜினல், ஷோரூம் கண்டிஷன்’ என்றே இருக்கிறது. நாற்பது வருஷத்து வண்டி பளபளவென்று நின்றால், சமீபத்தில் யாரோ பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது குற்றமில்லை, ரீஸ்டோர் செய்த வண்டி என்று சொல்லி விற்கலாம்.

1976 முதல் 1986 வரை வந்த டபிள்யூ 123 என்ற பென்ஸ் வரிசையையே எடுத்துக்கொள்வோம். பானட்டைத் தூக்கினால் இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டில் (ஃபயர்வால்) சேசிஸ் நம்பர் குத்தியிருக்கும். 123-ஐ அடுத்த மூன்று இலக்கம் மாடலைச் சொல்லும்: 130 என்றால் டீசல் 300டி, 223 என்றால் பெட்ரோல் 230இ. அதற்கடுத்து 1 இருந்தால் ஆலையிலிருந்து லெஃப்ட் ஹேண்டாக வந்தது, 2 இருந்தால் ரைட் ஹேண்ட். ஸ்டியரிங் வலப்பக்கம், நம்பரில் 1 என்றால் இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். இன்ஜின் நம்பர் 300டி-க்கு 617 என்றும், 240டி-க்கு 616 என்றும், 230இ-க்கு 102 என்றும் தொடங்க வேண்டும். 223 சேசிஸில் 616 உட்கார்ந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் டீசல் ஏற்றியிருக்கிறது. டீசல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுமுன் சூடாக்கும் க்ளோ பிளக்குக்கான விளக்கு பெட்ரோல் வண்டியின் மீட்டர் பலகையில் கிடையாது. அதற்கென்று டேஷ்போர்டுக்கு அடியில் தனியாக ஒரு ஸ்விட்ச் திருகியிருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆர்.சி.யில் மாற்றம் ஏறியிருந்தால் சட்டப்படி சரி, ஒரிஜினல் கணக்கில் வராது.

நிறத்துக்கு ரேடியேட்டருக்கு மேலே குறுக்குத் தகட்டைப் பாருங்கள். பெயின்ட் கோடு 737 என்றால் வெள்ளை, 040 என்றால் கறுப்பு. கறுப்பு வண்டியில் 737 இருந்தால் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு டிக்கித் தரையைப் பாருங்கள். மூலையில் பழைய வெள்ளை எட்டிப் பார்க்கும். கம்பெனி பெயின்டின் தடிமன் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். 300-ஐத் தொட்டால் மறுபெயின்ட், 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு). தடிமன் அளக்கும் மீட்டர் இல்லையென்றால் மெல்லிய துணி சுற்றிய காந்தம் போதும்; பட்டி தடித்த இடத்தில் அது ஒட்டாமல் வழுக்கும்.

எங்கள் பார்வையில், வண்டியின் வாயைத் திறக்க வைப்பது டிக்கி ரப்பர்தான். அதை ஒரு சாண் நீளம் உருவுங்கள். உள்ளே தகட்டு விளிம்பில் பொட்டு வைத்தாற்போல் வட்டக் குழிகள் சீராக ஓடினால் ஆலை ஸ்பாட் வெல்டிங். நடுவில் பொட்டுகள் நின்று கிரைண்டர் கீறலோ கேஸ் வெல்டிங் தழும்போ தொடங்கினால் பின்பக்கம் அடி வாங்கிய வண்டி. டிங்கரிங் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இந்தப் பொட்டுகளைத் திரும்ப வைக்க அநேகமாக யாரும் மெனக்கெடுவதில்லை.

2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் நின்ற வண்டியா என்றறிய சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சுருளின் உள்பக்கம் சேற்றுக் கோடு இருக்கும். கடற்கரைப் பக்க வண்டி என்றால் ஜாக்கி மாட்டும் துளைகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் வாங்கிய பிரேக் பேடும் சைலன்சரும் ஒரிஜினாலிட்டியைக் கெடுக்காது. தேய்கிற சாமானை மாற்றத்தான் வேண்டும்.

உண்மையைச் சொல்லி விற்க இன்னொரு காரணமும் இருக்கிறது. 2021-ல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டி விண்டேஜ் வண்டிக்கான ‘விஏ’ நம்பர் வாங்கலாம். சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. டீசல் ஏற்றியதை மறைத்து விற்றால், வாங்கியவர் மாட்டுவது அந்த விண்ணப்பத்தில்தான்.

ஆகவே அடுத்த விளம்பரத்தில் சூரியாஸ்தமனப் பின்னணியில் எடுத்த படங்களைக் குறைத்து ஐந்து படம் சேருங்கள்: சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், பெயின்ட் கோடு தகடு, கார்ப்பெட் எடுத்த டிக்கித் தரை, ஆர்.சி. வண்டி ஆலையிலிருந்து எப்படி வந்தது என்று சொல்லும் டேட்டா கார்டு இருந்தால் அதுவும். இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
பழைய பென்ஸ் வேலை பார்க்கும் சிலர், சென்னை