மூன்று இனிஷியல், ஒரே ஆள்

மதிப்புக்குரிய பதவி உயர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். போன திங்கட்கிழமை நேர்காணலில் என் கோப்பைப் புரட்டிய ஐயா ஒருவர், "எச்-இண்டெக்ஸ் நாலுதானாம்மா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன்.

ஆய்வுக் கட்டுரைகளை ஆசிரியர் பெயர்வாரியாகத் திரட்டும் ஸ்கோப்பஸ் தரவுத்தளத்திலிருந்து நீங்கள் அச்செடுத்து வைத்திருந்த தாளில் இருப்பது நான் முழுதாக இல்லை. ஸ்கோப்பஸில் நான் மூன்று பேர். மேற்படிப்புக் காலத்தில் அப்பாவின் இனிஷியலோடு எழுதிய ஐந்து கட்டுரைகள் ஒருத்தியிடம். கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் இனிஷியலோடு எழுதிய ஆறு, இன்னொருத்தியிடம். அப்புறம் ஒரு ஜர்னலின் படிவம், 'கடைசிப் பெயர்' கட்டத்தை நிரப்பாமல் நகரவே விடவில்லை. சாதிப் பட்டத்தைத் துறப்பதென்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட நாட்டில் கடைசிப் பெயருக்கு நான் எங்கே போவேன்? அப்பாவின் பெயரைப் போட்டேன். அதனால் இரண்டு கட்டுரைகள் அவர் எழுதியதுபோல் கிடக்கின்றன. அவர் கடலூர் முதுநகரில் அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர். மூட்டுவலி பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவின் முழங்கால்தான்.

எச்-இண்டெக்ஸ், 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. எட்டுக் கட்டுரைகளை ஒவ்வொன்றும் குறைந்தது எட்டு முறை பிறர் மேற்கோள் காட்டியிருந்தால் எட்டு. உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஆளைப் பிரித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். முதலாமவளின் மேற்கோள்கள் 41, 30, 12, 9, 3. எச் நாலு. இரண்டாமவளுக்கு 28, 15, 8, 7, 2, 1. அவளுக்கும் நாலு. அப்பாவுக்கு 22, 6. எச் இரண்டு. மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் எட்டாவது கட்டுரைக்குச் சரியாக எட்டு மேற்கோள். ஆக, எட்டு. நேர்காணலில் பாதி ஆளைத்தான் உட்கார வைத்திருந்தீர்கள். சிக்குன்குனியாவுக்குப் பிறகு நீடிக்கும் மூட்டுவீக்கம் பற்றிய என் கட்டுரை, அந்த 41, உங்கள் தாளில் இல்லவே இல்லை.

இந்தக் குழப்பத்துக்காகத்தான், பெயர் மாறினாலும் ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்சிட் எண் 2012இல் வந்தது. பதினாறு இலக்கம். விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். பதின்மூன்று கட்டுரைகளும் அதன் கீழ் இருக்கின்றன. தயவுசெய்து மூன்றையும் சேர்த்து எண்ணுங்கள்.

இன்னொன்று. மூட்டுநோய்த் துறையான ருமட்டாலஜியில் இருக்கும் என்னை இதயத்துறை விண்ணப்பதாரரோடு ஒரே அட்டவணையில் வைத்தீர்கள். இந்த எண் துறைக்குத் துறை மாறும் என்று ஹிர்ஷே அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். எங்கள் துறைக்குள்ளேயும் அப்படித்தான். முடக்குவாதம், அதாவது ருமட்டாய்ட் ஆர்த்ரைடிஸ், பற்றி ஆய்வு எழுதுகிறவர்கள், அந்த நோயை வகைப்படுத்த 2010இல் அமெரிக்க, ஐரோப்பிய ருமட்டாலஜி சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட அளவுகோலைப் பெரும்பாலும் சுட்டிவிட்டுத்தான் மேலே போவார்கள். நானும் சுட்டியிருக்கிறேன். மேற்கோள் அதற்குத்தான் குவியும். புதுச்சேரி ஓ.பி.யில் அறுபது பேரைப் பின்தொடர்ந்து எழுதியதை யார் தேடி வருவார்?

போன வருடம் பண்ருட்டியிலிருந்து ஓர் அம்மா வந்தார். வாரம் ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட் என்ற முடக்குவாத மாத்திரையைத் தினமும் போட்டிருக்கிறார். வாயெல்லாம் புண், ரத்த அணுக்கள் சரிந்து கிடந்தன. தப்பிவிட்டார். அதன் பிறகு, மாத்திரை போடும் கிழமையை வட்டம் போட்டுக் காட்டும் துண்டுச்சீட்டு ஒன்றைத் தமிழில் எழுதி எல்லோருக்கும் கொடுக்கிறேன். அதற்கு மேற்கோள் பூஜ்யம். எச்-இண்டெக்ஸ் ஏறியிருக்க வேண்டுமானால் அதை ஆங்கிலத்தில் எழுதி அந்த அம்மாவுக்குப் புரியாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். இனிமேல் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் முன் ஸ்கோப்பஸிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடும்படி பெண் டாக்டர்களுக்கு நீங்களே சுற்றறிக்கை அனுப்பலாம்.

மன்னிக்கவும், கேட்க வந்தது இதுதான். அந்தத் தாளை ஒதுக்கிவிட்டு, மூன்று பெயரிலும் இருப்பதைச் சேர்த்து எண்ணி, முடிந்தால் இரண்டு கட்டுரையையாவது படித்துப் பார்த்து, என் விண்ணப்பத்தை மறுபடி பரிசீலிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சான்றுகளோடு எந்த நாள் கூப்பிட்டாலும் வருகிறேன். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வேண்டாம், ஓ.பி. இருக்கிறது.

இப்படிக்கு,
உதவிப் பேராசிரியர், ருமட்டாலஜி பிரிவு
புதுச்சேரி